கேம்பர் இழுக்க எந்தப் பழைய டிரக்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கேம்பர் (டிரக்கின் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு) கதையும் அதுதான். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். ஓய்வு பெற்ற ஒரு தம்பதியிடம் 28 அடி டிரெய்லர் ஒன்று 9,000 டாலருக்குக் கிடைத்தது. பத்து வயதான வண்டி, ஆனால் கூரை ஒழுகவில்லை, ஆறு பேர் படுக்கலாம். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டோம். அதை எதில் கட்டி இழுப்பது என்று அதற்கப்புறம்தான் யோசித்தோம். அடுத்த நான்கு மாத வார இறுதிகள் டிரக் தேடுவதிலேயே போயின.

முதல் பயணத்துக்கு நண்பர் ஒருவர் தன் அரை டன் பிக்கப்பைக் கொடுத்தார் (பெரிய பிக்கப்களில் ஆரம்ப வகைக்கு அப்படிப் பெயர்). எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா அரை டன்னும் ஏறத்தாழ அப்படித்தான். 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம். எங்கள் டிரெய்லர் சாமான்களோடு 7,200 பவுண்டு. தாராளமாகப் போகலாம் என்று நினைத்தேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஆக ஆறு பேர். நெடுஞ்சாலை 287 வழியாக அமரில்லோ, அங்கிருந்து பாலோ டுரோ பள்ளத்தாக்கு.

பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. இருட்டியதும் ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு எதிரே வந்தவர்களின் கண்ணில் அடித்தது. பக்கவாட்டுக் காற்று வீசும்போதெல்லாம் டிரெய்லர் வாலை ஆட்டியது. பாலோ டுரோவில் பூங்காச் சாலை பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில் சரிவு 10 சதவீதம். கீழே போய்ச் சேர்ந்ததும் அப்பா இறங்கி நேராக முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர். "ஓவர்லோடு வண்டி மலை இறங்கின வாசனைடா இது" என்றார். பிரேக் கருகிய வாடை.

விளம்பரத்தில் சொல்லும் இழுவைத் திறனை வைத்து டிரக் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இழுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் எண்டெவர் விண்வெளி ஓடத்தையே ஒரு டொயோட்டா டண்ட்ரா பாலத்தின் மேல் இழுத்துப் போனது. சமதளத்தில், நடை வேகத்தில், ஓடத்தின் எடையை வேறு சக்கரங்கள் தாங்கிக்கொண்டிருக்க எதையும் இழுக்கலாம். டிரெய்லர் தன் மூக்கை டிரக்கின் முதுகில் வைத்து அழுத்துமே, அந்தப் பாரத்தைத் தாங்குவதுதான் கஷ்டம்.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரக்கோடு அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் உட்காரும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். 7,200 பவுண்டுக்கு 13 சதவீதம் என்றால் 936 பவுண்டு. டிரக் இதைச் சரக்காகத்தான் கணக்கில் எடுக்கும். அதோடு ஆறு பேர் எடை, எங்கள் வீட்டுக் கணக்கில் 780. எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் 90. பின்பெட்டியில் ஜெனரேட்டர், விறகு, ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 200. கூட்டினால் 2,006 பவுண்டு.

இப்போது டிரைவர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூண் ஓரத்தில் பாருங்கள். மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அச்சாகியிருக்கும். நண்பரின் டிரக்கில் அது 1,480. நான் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கூடுதலாக ஏற்றிக்கொண்டு 380 மைல் போயிருக்கிறேன்.

ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். தோல் இருக்கை, சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று ஏற ஏற ஸ்டிக்கர் எண் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த ஸ்டிக்கரின் போட்டோவைத்தான். மைலேஜ், விலை எல்லாம் அப்புறம். போட்டோ அனுப்பத் தயங்கியவர்களை நான் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்தக் கணக்கில் அரை டன் டிரக்குகள் எங்களுக்கு அடிபட்டுப் போயின. கணவன், மனைவி, ஒரு குழந்தை, 5,000 பவுண்டுக்குள் ஒரு சின்ன டிரெய்லர் என்றால் அரை டன் போதும். ஃபோர்டு எஃப்-150இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினும், 2007 முதல் 2021 வரை வந்த டண்ட்ராவின் 5.7 வி8 இன்ஜினும் அதற்கு நல்ல தேர்வு. தாத்தா பாட்டியோடு போகிற வீடு என்றால் அதற்கு அடுத்த வகையான முக்கால் டன்னில் இருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவி (செவ்ரோலே) சில்வரடோ 2500எச்டி, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா. தூரத்திலேயே அடையாளம் காண ஒரு வழி உண்டு: சக்கரத்தில் நட்டுகளை எண்ணுங்கள். இந்த வண்டிகளில் எட்டு இருக்கும், அரை டன்னில் பெரும்பாலும் ஆறு.

பிக்கப் வேண்டாம், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே தாராளமாக உட்கார வேண்டும் என்பவர்களுக்கு மூன்று பழைய வண்டிகள் உண்டு. முதலாவது செவி சபர்பன் 2500. 2007 முதல் 2013 வரை வந்தவற்றில் 6.0 லிட்டர் பெட்ரோல் வி8, ஆறு கியர், மூன்று வரிசை இருக்கை. சாதாரண 1500 சபர்பனைப் போலவே இருக்கும், எட்டு நட்டு இருந்தால்தான் 2500. எங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கிடைக்க வேண்டுமே! நான்கு மாதத்தில் மூன்றுதான் கண்ணில் பட்டன. ஒன்றில் துரு, இரண்டாவதை நான் கிளம்புவதற்குள் விற்றுவிட்டார்கள், மூன்றாவதற்குக் கேட்ட விலையில் புதிதான பிக்கப்பே வாங்கலாம்.

இரண்டாவது ஃபோர்டு எக்ஸ்கர்ஷன். 2000 முதல் 2005 வரை மட்டுமே வந்த ராட்சசன். சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப் இதற்கு 'ஃபோர்டு வால்டீஸ்' என்று எண்ணெய்க் கப்பல் விபத்தின் பெயரை வைத்துக் கிண்டலடித்தது. வி10 பெட்ரோல், 7.3 டீசல், 6.0 டீசல் என்று இன்ஜின்கள். நன்றாக இழுக்கும். ஆனால் வண்டியே அவ்வளவு கனம் என்பதால் சரக்குக்கு மிச்சமிருக்கும் வரம்பு பெரிதாக இல்லை. ஆறேழு பேர் ஏறினால் ஸ்டிக்கர் மறுபடியும் கையைக் கடிக்கும். போதாததற்கு 7.3 டீசல் எக்ஸ்கர்ஷனைச் சிலர் பழம்பொருள் போலப் பூஜிக்கிறார்கள், விலையும் அந்த பக்திக்கு ஏற்றபடி இருக்கிறது.

மூன்றாவது வேன். செவி எக்ஸ்பிரஸ் 3500, ஃபோர்டு ஈ-350. சர்ச்சுகளும் முதியோர் இல்லங்களும் கழித்துவிடும் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். பின்வரிசை இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டால் இடம் அள்ளிக் கொட்டும். பணத்துக்கு மதிப்பு என்று மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. "ஏர்போர்ட் ஷட்டில்ல ஸ்கூலுக்கு வர மாட்டேன்" என்று மகள் சொன்னதோடு அந்த யோசனை முடிந்தது.

ஆக மிச்சம் பிக்கப். பெட்ரோலா டீசலா?

டிரெய்லர் இழுக்கிற யாரிடம் கேட்டாலும் டீசல் என்பார்கள். அந்த இன்ஜின்களின் இழுவையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பழைய டீசல் வாங்குகிறவர் வண்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட வருஷத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோர்டின் 7.3 பவர்ஸ்ட்ரோக் 2003 வரை வந்தது. இன்ஜின் இரும்பு மாதிரி. கேம்ஷாஃப்ட் சென்சார் ஒன்று மட்டும் திடீரென்று கைவிடும், அதனால் விவரமானவர்கள் கையுறைப் பெட்டியில் உபரியாக ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் கடைசி 7.3க்கே இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டது. இன்ஜின் தாங்கினாலும் சுற்றியிருக்கும் ரப்பரும் வயரும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டுமே.

அடுத்து வந்த 6.0 டீசல், 2003 முதல் 2007 வரை. மலிவாகக் கிடைக்கும். ஆயில் கூலர் அடைத்து, அதனால் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் வெடித்து, கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும் என்பது இதன் ஊரறிந்த வியாதி. முந்தைய ஓனர் இதையெல்லாம் பில்லோடு சரிசெய்து வைத்திருந்தால் நல்ல பேரம். பில் இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது. 2008 முதல் 2010 வரை வந்த 6.4ஐத் தொடவே வேண்டாம், பெரிய வேலை என்றால் கேபினையே தூக்கி எடுத்துவிட்டுத்தான் இன்ஜினில் கை வைக்க வேண்டியிருக்கும்.

செவி, ஜிஎம்சி பக்கம் டியூராமேக்ஸ் இன்ஜினும் அலிசன் கியர்பாக்ஸும் நல்ல ஜோடி. 2001 முதல் 2004 வரையான முதல் தலைமுறையில் இன்ஜெக்டர் தொல்லை. 2006, 2007இல் வந்த எல்பிஇசட் என்ற வகையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், ஆகவே விலை இறங்குவதே இல்லை. டாட்ஜ், ராம் பக்கம் கம்மின்ஸ். 2003 முதல் 2007 வரையான 5.9, ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், எளிமையான இன்ஜின். இவர்கள் எல்லோரையும்விட நீண்ட ஆயுள் அதற்குத்தான் என்பது என் எண்ணம். அதைச் சுமக்கும் டிரக்குக்கு அந்த ஆயுள் இல்லை என்பதுதான் சோகம்.

2011 முதல் வந்த ஃபோர்டு 6.7, 2011 முதல் 2016 வரையான டியூராமேக்ஸ் இரண்டிலும் சிபி4 என்ற உயர் அழுத்த எரிபொருள் பம்ப். அது உள்ளுக்குள் தேய்ந்து உடைந்தால் இரும்புத் தூள் எரிபொருளோடு கலந்து இன்ஜெக்டர் வரை போய்விடும். எல்லா வண்டியிலும் நடக்காது. நடந்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர், குழாய்கள் என்று எரிபொருள் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். பழைய வண்டி விலையில் நல்ல பங்கு அதற்கே போய்விடும்.

அப்புறம் புகை வடிகட்டி. 2007க்குப் பிந்தைய டீசல்களில் டிபிஎஃப் இருக்கும். நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காஸ்ட்கோ போய், ஐந்து மைலில் வீடு திரும்பும் வண்டிக்கு அது ஒத்துவராது. இதனாலேயே சிலர் வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு விற்கிறார்கள். விளம்பரத்தில் 'டெலீட் செய்தது' என்று பெருமையாகவே போட்டிருப்பார்கள். மத்திய அரசின் காற்றுத் தூய்மைச் சட்டப்படி அது சட்டவிரோதம். டீலர்கள் திரும்ப வாங்கத் தயங்குவார்கள், மறுபடி பொருத்தவும் பெரும் பணம் ஆகும்.

சரி, எரிபொருள் மிச்சமாகுமே? அதையும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 4,000 மைல் டிரெய்லரோடு போகிறேன். பெட்ரோல் டிரக் கேலனுக்கு 8.5 மைல், டீசல் 11.5 மைல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்றால் ஒன்றுக்கு 1,412 டாலர், மற்றதற்கு 1,252. வருஷத்துக்கு மிச்சம் 160 டாலர். ஒரே வருஷம், ஒரே மைலேஜ் உள்ள வண்டிகளில் டீசலுக்கு நான் பார்த்த கூடுதல் விலை 6,000 டாலருக்குக் குறையவே இல்லை. போட்டதை எடுக்க நாற்பது வருஷம் ஆகும்! டீசலுக்கு ஆயில் மாற்றுவதே 10 முதல் 15 குவார்ட் (குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர்), இரண்டு பேட்டரி, தனி எரிபொருள் ஃபில்டர்கள் என்பதையெல்லாம் இதில் நான் சேர்க்கவே இல்லை.

டீசல் இன்ஜின் கனமானது என்பதால் ஸ்டிக்கர் எண்ணும் அடிவாங்கும். டீசல் எஃப்-250 ஒன்றில் 1,900க்குக் கீழே பார்த்தேன். பெயர்தான் முக்கால் டன், எங்கள் 2,006 பவுண்டு அதில் ஏறாது. டீசல்தான் வேண்டும் என்றால் ஒரு டன் எஃப்-350, ராம் 3500 பக்கம் போய்விடுவது நல்லது.

டீசலுக்கு நியாயமான இடமும் இருக்கிறது. டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டும், 12,000 பவுண்டைத் தாண்டிய ஐந்தாம் சக்கர டிரெய்லர், வருஷம் முழுக்க ஊர் சுற்றும் வாழ்க்கை, அடிக்கடி ராக்கி மலைகள் என்றால் யோசிக்க வேண்டாம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது 385 குதிரைத் திறன் 260க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இறங்கும்போது, புகைவழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் தரும் நிம்மதியும் தனி. நாங்கள் கொலராடோவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போவோம். அந்த ஒரு நாளுக்கு லாரிகளோடு வலது தடத்தில் ஊர்ந்துகொள்ளலாம்.

ஆகவே பெட்ரோல் முக்கால் டன். இங்கே போட்டி மூவருக்குள்தான். செவியின் 6.0 வி8, 2019 வரை 2500எச்டியில் வந்தது. பழைய வடிவமைப்பு, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுகள் மட்டும் உடையும். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுவிட்டால் அதுதான். விலையைக் குறைக்க நல்ல காரணம், வாங்காமல் விட அவசியமில்லை. ராமின் 6.4 ஹெமி, 2014 முதல் 2500இல் உண்டு. மூன்றிலும் அதிக சக்தி அதற்குத்தான், ஆனால் வால்வை இயக்கும் லிஃப்டர் தேய்ந்தால் கேம்ஷாஃப்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஃபோர்டின் 6.2 வி8, 2011 முதல். 2016 வரையான வண்டிகளில் 385 குதிரைத் திறன், ஆறு கியர். சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு ஸ்பார்க் பிளக் என்பதால் பிளக் மாற்றும் நாளில் பர்ஸ் கொஞ்சம் இளைக்கும். மற்றபடி சாதுவான இன்ஜின். பின் ஆக்சில் விகிதம் 3.73 அல்லது 4.30 இருக்கும், எண் கூடினால் இழுவை கூடும், ஆகவே மலைப்பக்கம் போகிறவர்கள் இரண்டாவதைத் தேடலாம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது இன்ஜின்கூட இல்லை, முன் இருக்கை. ஃபோர்டின் எக்ஸ்எல்டி போன்ற எளிய வகைகளில் முன்னால் நடுவில் மடக்கும் இருக்கையோடு ஆறு பேர் உட்காரலாம். லாரியட் போன்ற ஆடம்பர வகைகளில் பல வண்டிகளில் அந்த இடத்தில் டப்பா வைத்து ஐந்தாக்கிவிடுவார்கள். அதிகப் பணம் கொடுத்து ஓர் ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போவானேன்?

எளிய வகை பெட்ரோல் டிரக்குகள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், ஏதோ ஒரு நிறுவனத்திடமோ நகராட்சியிடமோ வேலை பார்த்துவிட்டு வருபவை. கதவில் பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் வெயிலில் தெரியும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அநேகமாக நேரத்துக்கு ஆயில் மாற்றியிருப்பார்கள். ஆனால் மைலேஜோடு இன்ஜின் ஓடிய மணிக்கணக்கையும் பாருங்கள், டாஷ்போர்டு மெனுவிலேயே இருக்கும். ஒரு டிரக் 88,000 மைல்தான் ஓடியிருந்தது, ஆனால் 6,100 மணி நேரம். சராசரி மணிக்கு 14 மைல். ஏசியைப் போட்டுவிட்டு நாள் முழுக்க நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த வண்டி. இன்னொன்று 96,000 மைல், 2,700 மணி நேரம். சராசரி 35க்கு மேல், நெடுஞ்சாலையில் ஓடியது. மைல் கூடுதலாக இருந்தும் இரண்டாவதுதான் இளசு.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். ஓரிடத்தில் பானெட்டில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. எதையோ மறைக்கத்தான் முன்பே ஓடவிட்டிருப்பார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். பின்பெட்டித் தரையில் ஐந்தாம் சக்கர ஹிட்ச் பொருத்திய ஓட்டைகள் இருந்தால் வண்டி கனமாக இழுத்திருக்கிறது என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். 2017 ஹார்வி புயலுக்குப் பிறகு டெக்சஸில் இந்தப் பழக்கம் வராதவர்கள் குறைவு. வடக்கே உப்புக் கொட்டும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் கீழே படுத்து, பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸில் மாட்டும் இடத்தைப் பாருங்கள். டயரில் தேதி எண்ணும் உண்டு: 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். டயரின் பூ, அதாவது மேல்வரிகள், எவ்வளவு மிச்சமிருந்தாலும் எட்டு வயது டயரோடு 7,000 பவுண்டு இழுக்க நான் துணிய மாட்டேன். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு, ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் செய்யும் பழுது வேலை) பாக்கி இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

அந்த 96,000 மைல் வண்டியைத்தான் வாங்கினோம். 2015 எஃப்-250 எக்ஸ்எல்டி, 6.2 பெட்ரோல், நான்கு கதவு, ஆறு இருக்கை, வெள்ளை. 21,000 டாலர். கராஜுக்குள் நுழையாது. வெளியே நிறுத்தியதற்குக் குடியிருப்புச் சங்கமான ஹெச்ஓஏவிடமிருந்து ஒரு கடிதமும் வந்துவிட்டது, அது தனிக் கதை. கதவு ஸ்டிக்கரில் 3,150 பவுண்டு.

அப்பா அம்மா அடுத்த முறை வந்தபோது மறுபடி பாலோ டுரோ. அமரில்லோவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்ற லாரி எடைமேடையில் நிறுத்தி எடை போட்டோம். முன் ஆக்சில் 4,300, பின் ஆக்சில் 4,560, டிரெய்லர் சக்கரங்கள் 6,260. சீட்டை அப்பா வாங்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். டிரக்கின் வரம்பு 10,000, ஏறியிருப்பது 8,860. "இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கே" என்றார். பின்னாலிருந்து அம்மா கேட்டாள்: "அப்ப என் கிரைண்டரை மட்டும் ஏண்டா வீட்லயே வெச்சிட்டு வந்தே?"